மேம்பாலச் சுவருக்குள் ஒரு வலை: மழைக்காலத்தில் கவனிங்க

மேம்பாலம் ஏறும் இடத்தில் இரண்டு பக்கமும் கான்கிரீட் பலகை அடுக்கிய சுவரைப் பார்த்திருப்பீங்க. உள்ளே இருக்கும் மண்ணை அந்தப் பலகை மட்டும் தாங்கவில்லை. மண் அடுக்குகளுக்கு நடுவே ஜியோகிரிட் என்ற பாலிமர் வலையை விரித்து, மண்ணை இறுகப் பிடிக்க வைக்கிறார்கள்.

இதற்குத் தண்ணீர் சட்டென வடியும் மணற்பாங்கான மண்தான் ஏற்றது. களிமண் என்றால் மழைநீர் உள்ளேயே தங்கிவிடும். நீரின் அழுத்தம் கூடக்கூட மண்ணின் பலம் குறையும், வலைமேல் உள்ள பிடியும் தளரும். கடைசியில் சுவர் வெளியே பிதுங்கும்.

நல்ல மண் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? வலையோடு ஜியோடெக்ஸ்டைல் துணியையும் விரிக்கலாம். காபி வடிகட்டி மாதிரி அது மண்ணை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வெளியே விடும். சுவருக்குப் பின்னால் ஜல்லி வடிகாலும் வேண்டும்.

ஆனா, தண்ணீர் வெளியேறும் வழி அடைபட்டால் எல்லாமே வீண். அதனால் சுவரின் வடிகுழாய்களை அடைக்காதீங்க. சுவரோரம் குப்பை, கட்டட இடிபாடு கொட்டாதீங்க.

சுவர் பிதுங்கினாலோ, இடுக்கில் மண் கலந்த நீர் வழிந்தாலோ, மேலே சாலையில் விரிசல் தெரிந்தாலோ, இடத்தைக் குறிப்பிட்டு முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-இல் சொல்லுங்க. சரியும் ஆபத்து தெரிந்தால் விலகி நின்று, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் உடனே அழையுங்க.