முதல் சுற்றிலேயே முடிந்த போட்டி: ‘கில்லட்டின் சோக்’ பிடி என்றால் என்ன?

2017 நவம்பர் 25 அன்று சீனாவின் ஷாங்காய் நகரில் நடைபெற்ற யுஎஃப்சி போட்டியில் மும்பையைச் சேர்ந்த பரத் கண்டாரே களமிறங்கினார். இந்தியாவிலிருந்து சென்று அந்த அரங்கில் மோதிய முதல் வீரர் அவர். ஆனால், சீன வீரர் சோங் யாடோங் முதல் சுற்றிலேயே ‘கில்லட்டின் சோக்’ என்னும் கழுத்து நெரிப்புப் பிடியால் அவரை வீழ்த்தினார்.

கலப்புத் தற்காப்புக் கலையில் அடிக்கடி காணப்படும் பிடிகளுள் இதுவும் ஒன்று. எதிராளியின் தலையைத் தன் அக்குளுக்குள் அடக்கி, முன்கையைத் தாடைக்குக் கீழே செலுத்தி, இரு கைகளையும் கோத்து மேல்நோக்கி இறுக்குவதே இதன் முறையாகும்.

கழுத்தின் இருபுறமும் உள்ள தமனிகள் அழுத்தப்படும்போது மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைகிறது. பிடி சரியாக அமைந்தால், ஏறத்தாழ 10 விநாடிகளில் நினைவு தப்பிவிடும். மூச்சுக்குழல் மட்டும் அழுத்தப்பட்டால் வலி கடுமையாக இருக்கும். மயக்கம் வரக் கூடுதல் நேரம் ஆகும். தொண்டையை விரல்களால் பற்றி நெரிப்பது விதிமீறல்.

மல்யுத்தத்திலிருந்து வருவோர் இதில் சிக்குவதற்குக் காரணம் உண்டு. எதிராளியின் கால்களைப் பிடித்து வீழ்த்தத் தலையைத் தாழ்த்திப் பாய்வது அவர்களது பழக்கம். மல்யுத்த விதிகளில் கழுத்தை நெரிக்கத் தடை இருப்பதால், அங்கு அந்தப் பாய்ச்சலில் கழுத்துக்கு ஆபத்து குறைவு. இங்கோ தாழ்ந்த கழுத்தே பிடிக்கு வாய்ப்பாகிறது. எனவே, தலையை நிமிர்த்திப் பாய்வதும், சிக்கியவுடன் எதிராளியின் மணிக்கட்டைப் பற்றி இறுக்கத்தைத் தளர்த்துவதும் முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன.

தப்ப இயலாதவர், எதிராளியின் உடலிலோ தரையிலோ கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். தட்டினாலோ, நினைவிழந்தாலோ நடுவர் உடனடியாகப் போட்டியை நிறுத்துவார். பிடி விடப்பட்டதும் பெரும்பாலும் சில விநாடிகளில் நினைவு திரும்பும்.

எனினும், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. காரக்கோணம், பாறசாலை உள்ளிட்ட கேரள–குமரி எல்லைப் பகுதிக்கு அறிமுகமான அடிமுறை, வர்மக்கலை மரபுகளும் கழுத்தை ஆபத்தான இடமாகவே கருதுகின்றன. எனவே, கைப்பேசிக் காணொலியைப் பார்த்து நண்பர்களிடம் இப்பிடியைச் சோதிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே இதனைக் கற்க வேண்டும்; தட்டிய மறுகணமே பிடியை விட வேண்டும்.