எந்தப் பெட்டியை வாங்குவது?

தீபாவளி நெருங்கிவிட்டால், மஸ்கெலியாப் பகுதி மாணவர்கள் ஆசிரியர்களாகிய நம்மிடம் பாடத்திற்குப் புறம்பான வினா ஒன்றைக் கேட்பதுண்டு. பிளேஸ்டேஷன் வாங்குவதா, எக்ஸ்பாக்ஸ் வாங்குவதா, ஸ்விட்ச் வாங்குவதா என்பதே அவ்வினா. கேட்பவன் தம்பி, பணம் அனுப்பப் போகிறவனோ கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கும் அண்ணன். ஆதலின் இதனைச் சிறுபிள்ளை விவகாரம் என்று தள்ளிவிடுதல் முறையன்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நின்டென்டோ நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட ஸ்விட்ச் 2 இயந்திரத்தின் அமெரிக்க வெளியீட்டு விலை 450 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால் 135,000 ரூபா ஆகிறது. தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாயிருந்தது. வகுத்துப் பாருங்கள், சரியாக நூறு நாள்! சுங்கவரியும் கடைக்காரரின் இலாபமும் இன்னும் சேரவில்லை. தாயொருத்தி நூறு நாள் மலையேறிக் கொழுந்தெடுத்துப் பெறும் கூலியைக் கொடுத்து வாங்கும் பொருளை, விளம்பரப் படத்தின் பளபளப்பைக் கொண்டு மட்டும் தேர்ந்தெடுக்கலாமா?

சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசொப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், அதன் இளவலாகிய சீரிஸ் எஸ் ஆகிய மூன்றும் 2020 நவம்பரில் ஒரே வாரத்தில் வெளிவந்தவை. முதலிரண்டும் வலிமையில் ஏறத்தாழச் சமம். அவற்றின் வெளியீட்டு விலையும் 499 டொலர்தான். படத்தின் தெளிவைப் பற்றி இளைஞர்கள் இட்டுக்கொள்ளும் சண்டைக்கு, வீட்டிலுள்ள சிறிய தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பொருளேயில்லை. சீரிஸ் எஸ் 299 டொலருக்கு வந்தது. மலிவைக் கண்டு அதன்பால் மனம் செல்வது இயல்பே. ஆனால் அதில் இறுவட்டு செருகும் வாயில் இல்லை. நம் அபிப்பிராயத்தில் இப்போட்டி முழுவதும் அந்தச் சிறு வாயிலில்தான் அடங்கியிருக்கிறது.

ஏனெனின், விளையாட்டுப் பெட்டி வாங்குவது ஒரு முறை. விளையாட்டு வாங்குவதோ பல முறை. 1990களில் நம் ஊர்களுக்கு வந்த ‘டீவீ கேம்’ பெட்டிகளைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானில் 1983இல் நின்டென்டோ வெளியிட்ட பெமிக்கம் இயந்திரத்தின் மலிவான நகல்கள் அவை. ‘9999 விளையாட்டுகள்’ என்று மேலட்டையில் அச்சிட்டிருக்கும்; எண்ணிப் பார்த்தால் பத்திருபது விளையாட்டே வேறு வேறு இலக்கங்களில் திரும்பத் திரும்ப வரும்! ஆயினும் அதிலிருந்த ஒரு நன்மை பெரிது. ஒரு வீட்டுக் கசெட் அடுத்த காம்பராவுக்குப் போகும். அங்கிருந்து வேறொன்று இங்கு வரும். ஒரு லயத்துக்கு மூன்று கசெட் போதுமானதாயிருந்தது.

இந்தக் கைமாற்று உரிமையை முன்னிட்டு உலகச் சந்தையிலேயே ஒரு போர் நடந்தது. 2013 ஜூனில், புதிய எக்ஸ்பாக்ஸ் வன் பெட்டியில் பழைய இறுவட்டுகளைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. உடனே சோனி மிகச் சிறிய படமொன்றை வெளியிட்டது. தங்கள் பெட்டியின் விளையாட்டை நண்பருடன் பகிர்வது எப்படி என்பது அதன் பொருள். ஒருவர் இறுவட்டை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், படம் முடிந்தது! உலகமே நகைத்தது. சில நாட்களுக்குள் மைக்ரோசொப்ட் தன் திட்டத்தைக் கைவிட்டது. நிற்க. அதே சோனி 2024 நவம்பரில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 5 புரோவில் இறுவட்டு வாயில் கிடையாது. வேண்டுவோர் தனியே பணம் கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். வியாபாரிகளின் கொள்கை எத்துணை நாள் நிற்குமென்று யார் அறிவார்!

வாயில் இல்லாத பெட்டியில் விளையாட்டை இணையத்தின் வழியேதான் இறக்க வேண்டும். இக்காலத்துப் பெரிய விளையாட்டுகள் சில 100 கிகாபைட்டையும் தாண்டுகின்றன. கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது ஆகிற காரியமா? சோனியின் இணையச் சேவையிலோ வேறொரு சிக்கல் உண்டு. அச்சேவையில் கணக்குத் திறப்பதற்குரிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாதது, 2024 மேயில் ஹெல்டைவர்ஸ் 2 என்னும் விளையாட்டைப் பற்றி எழுந்த சர்ச்சையின்போது பலருக்கும் தெரியவந்தது. இங்குள்ளோர் வேறு நாட்டின் பெயரைக் கொடுத்துக் கணக்குத் திறக்கின்றனர். அத்தகைய கணக்கில் நூறு நாட் கூலியைக் கொண்டுபோய் வைப்பதற்கு நமக்குத் துணிவில்லை. எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தா முறையும் அவ்வாறே; சந்தா நின்றால் அதன்வழி வந்த விளையாட்டும் நின்றுவிடும்.

மின்சாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்து நிற்கும் மவுசாகலை நீர் நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அமுலிலிருந்ததை நாம் மறக்கவில்லை. பெருமழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதும் புதிதன்று. பெரிய விளையாட்டு ஓடும்போது பிளேஸ்டேஷன் 5 ஏறத்தாழ 200 வாட் மின்சாரத்தை உண்ணும். ஐந்து மணி நேரத்திற்கு ஓர் அலகு. ஸ்விட்ச் வகைகளோ தம்முள்ளேயே திரையும் மின்கலமும் கொண்டவை (ஸ்விட்ச் லைட் தவிர மற்றவற்றைத் தொலைக்காட்சியிலும் இணைக்கலாம்). 2017இல் வந்த முதல் ஸ்விட்சின் மின்கலம் விளையாட்டுக்குத் தக்கபடி இரண்டரை மணி முதல் ஆறரை மணி வரை தாங்குமென்பது நிறுவனத்தார் கூற்று.

ஆதலால் நம் தீர்ப்பு இது. பணமும் நிலையான மின்சாரமும் உள்ள வீட்டார் இறுவட்டு வாயிலுள்ள பிளேஸ்டேஷன் 5ஐ வாங்கலாம். பிளேஸ்டேஷன் 4இன் இறுவட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை அதில் ஓடும். ஏனையோருக்கு 2013இல் வந்த அந்தப் பிளேஸ்டேஷன் 4ஐயே பழையதாக வாங்குதல் போதும். உலகில் 11 கோடிக்கு மேல் விற்ற பெட்டியாதலால் அதற்குப் பழைய இறுவட்டுகள் எளிதில் அகப்படும். சிறு பிள்ளைகளுள்ள வீட்டுக்குப் பழைய ஸ்விட்ச் உகந்தது. அதன் கசெட்டையும் கைமாற்றலாம். சீரிஸ் எஸ் விலையில் மலிவாயினும் மஸ்கெலியாவுக்கு ஏற்றதன்று. பிள்ளை சாதாரண தர வகுப்பில் இருப்பின், அதே பணத்துக்கு ஒரு மடிக்கணினி கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே கடைக்குப் புறப்படுக.

பழைய பெட்டி வாங்குவோர் கடையிலேயே அரைமணி நேரம் அதனை ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். காற்றாடி இரைகிறதா, கைப்பிடியின் குச்சியைத் தொடாதபோதும் திரையிலுள்ள உருவம் தானே நகர்கிறதா, இறுவட்டை விழுங்கியது திருப்பித் தருகிறதா என்று கவனிக்க. உள்ளே கரப்பான் பூச்சி குடியிருந்த அடையாளம் தென்பட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.