பதவியைத் தேடிவரும் பரிசு



அன்பளிப்பு உள்ளங்களை இணைக்கும். உறவினருக்கும் அயலவருக்கும் கொடுத்து மகிழுமாறு நம் மார்க்கம் ஆர்வமூட்டுகின்றது. அவ்வாறிருக்க, முதலீட்டு நிறுவனங்களில் பணிபுரியும் நம் இளைஞர்கள் சிலர், "தொழில் தொடர்புடைய ஒருவர் தரும் கைக்கடிகாரத்தைக் கூடப் பெறலாகாது என நிறுவனம் விதிப்பது ஏன்? இது மிகையான கட்டுப்பாடல்லவா?" என்று வினவுகின்றனர். நியாயமான வினாவே இது.

முதலீட்டு நிறுவனம் பலருடைய சேமிப்பைத் திரட்டிப் பங்குகளில் இடுகின்றது. ஆசிரியரும் தாதியும் ஓய்வூதியம் பெறுவோரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. பங்குகளின் கொள்வனவும் விற்பனையும் தரகர்கள் ஊடாக நடைபெறுகின்றன. தரகுப் பணம் சேமிப்பாளரின் நிதியிலிருந்தே செல்கின்றது. ஆனால் எந்தத் தரகரை நாடுவது எனத் தீர்மானிப்பவர் நிறுவனத்தின் ஊழியர். எனவே தரகர் அவ்வூழியரை மகிழ்விக்க முனைகின்றார். விருந்துண்பவர் ஒருவர், அதற்கான விலையைச் செலுத்துபவர் வேறொருவர். செலுத்துபவர் அவ்விடத்தில் இல்லை. நடந்தது அவருக்குத் தெரியவும் மாட்டாது. சிக்கலின் வேர் இதுவே.

அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்றை நோக்குவோம். ஃபிடெலிட்டி என்ற பெரும் முதலீட்டு நிறுவனத்தின் பங்கு வர்த்தக ஊழியர்கள், 2002 முதல் 2004 வரையான காலத்தில், தரகர்களிடமிருந்து 16 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட பயணங்கள், கேளிக்கைகள், பரிசுகள் ஆகியவற்றைப் பெற்றதாக அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணைக்குழு 2008 இல் அறிவித்தது. சிறந்த விலை எவரிடம் கிடைக்கும் எனத் தேட வேண்டியவர்கள், தரகரைத் தெரிவு செய்கையில் அவ்வுபசாரங்களுக்கு இடங்கொடுத்தனர் என்பதே குற்றச்சாட்டு. நிறுவனம் அதனை ஏற்காமலும் மறுக்காமலும் 80 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. அதற்கு முன்னர், 2006 இல், தான் நிர்வகித்த நிதியங்களுக்கு 4 கோடியே 20 இலட்சம் டொலரை வழங்கவும் உடன்பட்டிருந்தது.

நேயர்களே! இதற்கான அளவுகோல் நமக்குப் புதியதன்று. இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் ஸகாத் திரட்டும் பணிக்கு நியமித்தார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது எனப் பிரித்துக் காட்டினார். அவர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என நபியவர்கள் கேட்ட செய்தி புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. பரிசு மனிதரைத் தேடி வந்ததா, அவர் அமர்ந்திருக்கும் ஆசனத்தைத் தேடி வந்ததா என்பதே கேள்வி.

நிறுவன விதிகளும் இதனையே அளவிட முயல்கின்றன. ஒருவருக்கு ஆண்டொன்றில் 100 டொலருக்கு மேற்பட்ட அன்பளிப்பைத் தரகர்கள் வழங்கலாகாது என அமெரிக்கத் தரகர்களின் ஒழுங்குமுறை அமைப்பு 1992 இல் வரையறுத்தது. தொகை காலத்துக்கேற்ப மாறலாம், தத்துவம் மாறாது. தரகர் தாமும் உடன் அமர்ந்து உண்டால் அது விருந்துபசாரம். நுழைவுச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் தாம் வராதிருந்தால் அது பரிசு எனக் கணிக்கப்படும். திருமணப் பரிசாயின், முன்னரே நட்பு இருந்ததா, பணம் கொடுத்தவரின் சொந்தப் பையிலிருந்து வந்ததா, அவருடைய நிறுவனத்திலிருந்து வந்ததா என ஆராயப்படும். ஆக, உண்மையான நட்பை விதி தடுக்கவில்லை. நட்பின் ஆடையணிந்து வரும் வியாபாரத்தையே தடுக்கின்றது.

நம் நாட்டிலும் 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் இடம்பெறும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியுள்ளது.

எனவே, பணியின் பொருட்டு ஏதேனும் உங்கள் மேசைக்கு வந்தால், உடனே மேலதிகாரியிடம் தெரிவித்துப் பதிவேட்டில் எழுதுங்கள். வரம்பை மீறியதாயின் பணிவோடு திருப்பியனுப்புங்கள். பதிவேட்டில் எழுத மனம் கூசுமாயின், அக்கூச்சமே விடையாகும். முகமறியாத ஒரு தாதியின் சேமிப்பு உங்கள் கையில் அமானிதமாக இருக்கின்றது. அதனை முழுமையாக ஒப்படைக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!