எலி கோடையில் தூங்குமா?

பங்குனி கழிந்து வரப்பு வெடிக்கிற நாட்களில் பாகூர் கொம்யூன் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "இப்ப ஏது சார் எலி? அது வளைக்குள்ள படுத்துடுச்சி." நாற்று விட்டதும் எழுந்து வரும் என்று ஒரு கணக்கு. அதனால் கோடையில் எலிப் பேச்சே எழாது. சம்பாவில் கதிர் கட்டும்போது எழும். அப்போது இயற்கை விவசாயம் செய்கிறவர்கள்கூட மருந்துக் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே எலி தூங்குகிறதா இல்லையா என்பது நமக்கு வெறும் விலங்கியல் பாடம் இல்லை.

தூங்குகிற எலிச் சாதிகள் உண்டு. பிள்ளைகள் கூண்டில் வளர்க்கிறார்களே ஹாம்ஸ்டர், அதன் சொந்த ஊர் சிரியாவின் அலெப்போ பக்கம். கடுங்குளிரில் அதன் உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸிலிருந்து 10-க்கும் கீழே இறங்கிவிடும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கும் இதயம் பத்து, பதினைந்துக்கு வந்துவிடும். சில நாளுக்கு ஒருமுறை எழுந்து, உடம்பைச் சூடேற்றி, சேர்த்து வைத்ததைத் தின்றுவிட்டு மறுபடி படுக்கும். அமெரிக்கப் பாலைவனத்தில், கன்னத்தில் பை வைத்த சின்ன எலிகள் தீனி குறைந்தால் சில மணி நேரம் மட்டும் இப்படிக் கிடக்கும். பாங்கில் இருந்தவன் என்பதால் எனக்கு இது இயங்காக் கணக்கு மாதிரி தோன்றும். போடுவதும் இல்லை, எடுப்பதும் இல்லை, ஆனால் கணக்கு மூடப்படவில்லை.

நம்ம வயல் எலி இந்தச் சாதி இல்லை. உடம்பைக் குளிரவிட வேண்டுமானால் சுற்றிலும் குளிர் இருக்க வேண்டும். 5 டிகிரி வளையில் சூட்டை விட்டுக்கொடுத்தால் தீனிச் செலவில் பெரும்பங்கு மிச்சம். புதுச்சேரியில் இரண்டடி ஆழத்து மண், வெளியே 40 டிகிரி கொளுத்தினாலும் 30-ஐ ஒட்டியே நிற்கும். அந்த இதத்தில் உடம்பைச் சூடாக வைக்க எலி தனியாக எதையும் எரிக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்தாலும் ஆறேழு டிகிரிதான் இறக்கலாம். அதில் என்ன லாபம்? வளையே அதற்குப் போர்வை, அதுவே நிழல்.

வானூர்ப் பக்கம் செம்மண் கொல்லையில் மல்லாட்டை போடுகிறவர்களுக்கு வெள்ளெலியைத் தெரியும். பெரிய கண், வெள்ளை வயிறு, நுனியில் மயிர்க்கொத்து வைத்த நீள வால். இது பாலைவனத்து உறவுக்காரன். இதே இனம் மேற்கே சிரியா வரைக்கும், தெற்கே இலங்கை வரைக்கும் உண்டு. பகலில் சில வாசல்களைப் பொடி மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே இருக்கும். மூச்சில் போகிற ஈரம் வளையிலேயே தங்கும். தண்ணீருக்கு மல்லாட்டையே போதும்: ஒரு கிராம் எண்ணெய் உடம்பில் எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேலேயே தண்ணீர் உண்டாகிறது. மாவுச்சத்தில் அரை கிராமுக்குச் சற்று அதிகம். சிறுநீரையும் கெட்டியாக்கிச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும்.

ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்தில் ஈஸ்வர் பிரகாஷ் தார் பாலைவன எலிகளைப் பல ஆண்டு ஆராய்ந்தார். அங்கே பகலில் திரியும் ஓர் எலி, குளிர்காலத்தில் நடுப்பகலில் மேய்கிறது. கோடையில் காலையும் மாலையும் மட்டும் வருகிறது. உடம்பின் சூட்டை மாற்றாமல் வெளியே வரும் நேரத்தை மாற்றிக்கொள்கிறது.

சரி, கோடையில் எலி எங்கே போகிறது? எங்கும் போகவில்லை, குறைந்து போகிறது. அறுவடைக்குப் பிறகு தீனி இல்லை, குட்டி போடுவது மட்டுப்படும், நிறைய சாகும். மிச்சம் இருப்பவை வாய்க்கால் கரை, பெரிய வரப்பு, வேலி ஓரம் என்று ஒதுங்கும். ஊரே தரிசாகக் கிடக்கும்போது ஒருவர் மட்டும் போர் தண்ணீரில் சொர்ணவாரி போட்டால் அவர் வயலில் வெட்டு விழுகிறதே, தூங்குகிற எலியா வெட்டுகிறது? பயிர் பச்சை கட்டியதும் மூன்று வாரச் சினையில் ஐந்து முதல் எட்டுக் குட்டி. சம்பாவில் நாம் பார்ப்பது அந்தக் கூட்டத்தை.

எலியைப் பிடிக்கிற காலம் சித்திரை, வைகாசிதான். சாயந்திரம் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிடுங்கள். காலையில் திறந்திருப்பதுதான் ஆள் இருக்கிற வளை. அதை மட்டும் வெட்டினால் போதும், வரப்பும் பாழாகாது. இருளர்கள் மண்பானையில் வைக்கோல் புகை போட்டுப் பிடிப்பார்கள். வளையில் கிடைக்கும் நெல் அவர்களுக்கு. (கையுறை போடச் சொல்லுங்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை.) எங்கள் பக்கம் வந்த பெரியவர் ஒருவரிடம், "ஏங்க பெரியவரே, கோடையில எலி தூங்குமா?" என்று கேட்டேன். "பசியில எவன் சார் தூங்குவான்?" என்றார்.

டி வடிவக் கம்பு நட்டால் ஆந்தை உட்காரும். ஆனால் விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும். பக்கத்து வயல்காரர் மருந்து வைத்தாலும் நம்ம ஆந்தைதான் போகும். எலிக்கு நம்ம பட்டா எல்லை தெரியாது, ஒருவர் வரப்பை மட்டும் வெட்டினால் ஒரே மாதத்தில் அடுத்தவர் எலி குடியேறிவிடும். ஒரு வாய்க்கால் கரைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும். எங்கள் கரையில் ஆறு பேர் சம்மதித்தாயிற்று. ஏழாமவர் இன்னும், "ஆடி வரட்டும் சார், பாத்துக்கலாம்" என்கிறார்.