தோலில் அச்சேறிய கதை

கதை என்றால் காகிதத்தில் அச்சாகும். பத்திரிகையில் தொடராக வரும். பிறகு புத்தகமாகி அலமாரியில் ஏறும். ஆனால் மனிதர்களின் தோல்மீதே அச்சேறிய கதை ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? அதை விலை கொடுத்து வாங்க முடியாது. அடுத்த வீட்டு அம்மாளிடம் இரவல் கேட்கவும் முடியாது!

இந்த விசித்திரத்தைத் தொடங்கி வைத்தவர் ஷெல்லி ஜாக்ஸன் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர். 2,095 வார்த்தைகள் கொண்ட சிறுகதை ஒன்று எழுதி, அதற்கு 'ஸ்கின்', அதாவது 'தோல்' என்று பெயர் வைத்தார். 2003-ஆம் ஆண்டில் 'காபினெட்' என்ற பத்திரிகையின் மூலம் ஓர் அழைப்பும் விடுத்தார். கதையை வேறெங்கும் வெளியிடப் போவதில்லை. ஆளுக்கு ஒரு வார்த்தை வீதம் உடம்பில் பச்சை குத்திக்கொள்ள ஆட்கள் வரலாம் என்பதே அந்த அழைப்பு. கதையின் தலைப்பைத் தம் மணிக்கட்டிலேயே குத்திக்கொண்டார்.

பச்சை குத்துவது நமக்குப் புதிய சங்கதி அல்லவே! குறத்தியிடம் கையை நீட்டிக் கோலமும் தேளும் குத்திக்கொண்ட பாட்டிமார் நம் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். இக்காலத்துப் புத்தகப் பிரியர்களோ, மனத்தைத் தொட்ட வாக்கியத்தைத் தேடிப் பிடித்துத் தோளிலும் கையிலும் எழுதிக்கொள்கிறார்கள்.

ஜாக்ஸன் கதையில் அந்தத் தேடலுக்கே இடமில்லை. எந்த வார்த்தை யாருக்கு என்பதை ஆசிரியையே தீர்மானிப்பார். பிடித்தால் ஏற்கலாம்; இல்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம். மாற்றிக் கேட்க முடியாது. கறுப்பு மையில், புத்தக எழுத்தில்தான் குத்த வேண்டும். உடல் உறுப்பின் பெயர் வந்தால், அந்த உறுப்பின்மேல் மட்டும் அதைக் குத்தக் கூடாது! முழுக் கதையும் படிக்கக் கிடைப்பது இப்படிச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே.

இங்கிலீஷ் கதையாயிற்றே, 'தி', 'அண்ட்' எல்லாம் இல்லாமல் இருக்குமா? காதல், நிலவு என்று எதிர்பார்த்திருந்தவருக்கு வெறும் 'அண்ட்' வந்தால் எப்படி இருக்கும்! ஆனால் அந்தச் சின்ன வார்த்தை இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது. தாயும் மகளுமாகச் சேர்ந்து, அடுத்தடுத்த வார்த்தைகளைக் கேட்டவர்களும் உண்டாம்.

சேர்ந்தவர்களுக்கு ஆசிரியை சூட்டிய பெயரே 'வார்த்தைகள்' என்பதுதான். பச்சையை அழித்தாலும், கையையே இழந்தாலும் அவர் அந்த வார்த்தையாகவே இருப்பார். அவர் காலமானால்தான் கதையில் அந்த வார்த்தை மறையும். கடைசி மனிதர் மறையும் நாளில் கதையும் மறைந்துவிடும். தம் 'வார்த்தை'களின் இறுதிச் சடங்குக்கு இயன்றவரை வந்து சேர்வதாகவும் ஆசிரியை வாக்குக் கொடுத்தார். வேடிக்கையாகத் தொடங்கிய விஷயம் நெஞ்சை என்னவோ செய்கிறது, அல்லவா?

உங்கள் வீட்டுப் பெண்ணும் ஒருநாள், "அம்மா, கையில் ஒரு வரி எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கலாம். உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வரி உண்மையில் எந்தப் புத்தகத்தில், எந்த இடத்தில் வருகிறது என்று மூலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதாதவர் பெயரில் உலவும் பொன்மொழிகளுக்குக் குறைவில்லை. தமிழில் என்றால் றகர ரகரத்தையும் ழகர ளகரத்தையும் நன்றாகச் சரிபார்க்கட்டும். மை தோலின் உள் அடுக்கில் தங்குவதால், மேல்தோல் உதிர்ந்தாலும் எழுத்துப் போகாது. ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல ஓரம் கசியும். பொடி எழுத்தில் குத்தினால் புள்ளியும் சுழியும் ஒன்றாகிவிடும். ஊசி புதிதாக இருக்க வேண்டும். லேசர் கொண்டு அழிக்கலாம் என்றாலும், அதற்குப் பல தடவை போய் வர வேண்டும். பணமும் வலியும் தனி.

எல்லாம் சொன்ன பிறகு ஒன்று கேளுங்கள்: "இந்த வரியைப் பிறர் பார்க்கவே முடியாத இடத்தில் எழுதச் சொன்னாலும் உனக்குச் சம்மதமா?" சட்டென்று "சம்மதம்" என்றால், அது அவளுக்கு உரிய வரிதான். பதில் வரச் சற்றுத் தாமதமானால், இப்போதைக்கு அந்த வரி புத்தகத்திலேயே இருக்கட்டும்!