ஃபார்மட் அடிக்கும் முன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, புதிதாக ஓஎஸ் போட்டுக்கொண்டவர்கள் பலர். போடும்போது ஒரு குறையும் தெரியாது. நூறு சதவீதம் காட்டும், ரீஸ்டார்ட் ஆகும். பிறகு ஒரு நாள் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நிற்கும்: நோ பூட்டபிள் டிவைஸ்.

‘இன்னொரு தடவை ஃபார்மட் அடிச்சுப் பார்த்துடலாம்’ என்ற யோசனை அப்போதுதான் வரும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். ஓஎஸ் போட்டபின் கிளம்ப மறுக்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் விண்டோஸும் பத்திரமாக இருக்கும், உங்கள் கோப்புகளும் பத்திரமாக இருக்கும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் கடையின் பத்து வருடக் கணக்கும் பழுதால் அழிவதைவிட, அவசரத்தில் அடிக்கும் இரண்டாவது ஃபார்மட்டால் அழிவதே அதிகம் என்று நினைக்கிறேன்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டின் ஒரு சிப்பில் இருக்கும் சிறிய மென்பொருள். விண்டோஸ் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடிப்பிடித்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது அதன் வேலை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து நாம் பயாஸ் என்று சொல்லிவருவது இதைத்தான். பயாஸ் முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்கிருந்து வழி கண்டுபிடிக்கும். அந்த 512 பைட்டுகள்தான் எம்பிஆர். இப்போதைய கம்ப்யூட்டர்களில் இருப்பது யூஇஎஃப்ஐ. இது டிஸ்கில் தனியாக ஒதுக்கிய ஒரு சின்னப் பார்ட்டிஷனைத் தேடும். விண்டோஸ் வழக்கமாக அதற்கு 100 எம்பி ஒதுக்கும். மை கம்ப்யூட்டரில் அது கண்ணில் படாது. ஆனால், விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்பு அதற்குள்தான் இருக்கிறது.

எஸ்எஸ்டி மாட்டியவர்கள் சிக்கிக்கொள்வது இந்த 100 எம்பியில்தான். பழைய ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றாமல் புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டால், பழைய டிஸ்கில் ஏற்கெனவே அப்படி ஒரு பார்ட்டிஷன் இருப்பதை இன்ஸ்டாலர் பார்த்துவிடும். புதிதாக ஒன்றை உருவாக்காமல், தொடக்கக் கோப்புகளை அதிலேயே எழுதிவிடும். விண்டோஸ் எஸ்எஸ்டியில், அதற்குப் போகும் வழி பழைய டிஸ்கில். மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரு நாள் பழைய டிஸ்க்கைக் கழற்றுவீர்கள், அல்லது அதுவே உயிரை விடும். வீடு அப்படியே இருக்கிறது, சாவிதான் போய்விட்டது.

இதுதான் காரணமா என்று தெரிந்துகொள்வது சுலபம். பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டுங்கள். கிளம்பிவிட்டால் சந்தேகமே வேண்டாம். வேறு எதையும் தொடுமுன் முக்கியமான கோப்புகளை வெளியே காப்பி செய்துகொள்ளுங்கள். பழைய டிஸ்க் செத்தே போயிருந்தாலும் வழி உண்டு. இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்டையும் எஃப் 10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு நிறக் கமாண்ட் ஜன்னல் திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் மூலம் எஸ்எஸ்டியின் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சில நூறு எம்பி சுருக்கி, கிடைத்த இடத்தில் 100 எம்பிக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அதை ஃபேட் 32 ஆக்கி, ஓர் எழுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு பிசிடிபூட் என்ற ஒரே கமாண்ட், தொடக்கக் கோப்புகளை அங்கே எழுதிவிடும். எஸ்எஸ்டி, யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையில் இருந்தால் இது போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அந்த ஜன்னலில் உங்கள் சி டிரைவ், டி என்றோ இ என்றோ காட்டக்கூடும். லிஸ்ட் வால்யூம் கொடுத்து, அளவைப் பார்த்து உறுதிசெய்யாமல் எதையும் தட்டாதீர்கள். புதிதாக ஓஎஸ் போடப்போகிறவர்களுக்கு இந்தப் பாடே கிடையாது. கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு இன்ஸ்டால் செய்தால் போதும்.

திரையில் வேறு வரி வந்தால் காரணமும் வேறு. நீலத் திரையில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால், விண்டோஸ் கிளம்பியிருக்கிறது, பாதியில் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று பொருள். பயாஸில் சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, அல்லது அங்கிருந்து இங்கோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே தேதியும் நேரமும் பின்னுக்குப் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து, எல்லா அமைப்புகளும் பழையபடி ஆகியிருக்கலாம்.

‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வருவது லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்திருந்த கம்ப்யூட்டர்களில். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்படி இரண்டும் இருக்கும் கணினியில், வேண்டாம் என்று லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால், விண்டோஸுக்கு வழிகாட்டிய கிரப்பும் அதோடு முடங்கிவிடும். விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. யூஇஎஃப்ஐ கணினியாக இருந்தால், பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் கிளம்பிவிடும்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டுங்கள். டிஸ்கில் எதையும் எழுதாமல் அது திறக்கும். படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட்டிஸ்குக்கு எடுத்துவிடலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் 48 இலக்க ரெகவரி கீ தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து விண்டோஸ் 11 போட்டவர்களின் கணினியில், அவர்கள் கேட்காமலேயே அந்தப் பூட்டு விழுந்திருக்கலாம். கீயை அதே கணக்கில் போனிலிருந்தே பார்க்க முடியும்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனாலும், ‘ஓஎஸ் போட்டுக் கொடுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘உள்ளே இருக்கிறது எல்லாம் வேணும், பூட் மட்டும் ஆகலை’ என்று சொல்லுங்கள். திரையில் வந்த வரியைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால், அதை முதலில் காட்டுங்கள்.