உங்களுக்குத் தெரியுமா? ஒலிக்காத 12 கட்டைகள்

சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தைத் தொடங்கிய 1935இல்தான், அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்டின் மின் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் புகழ்பெற்ற அதன் பி-3 மாடலில், ஒவ்வொரு கட்டை வரிசைக்கும் இடப்பக்கம் 12 கட்டைகள் நிறம் மாறி இருக்கும்: வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பின் இடத்தில் வெள்ளை. அழுத்தினால் சுரம் வராது. ஒலியின் குணம் மாறும். ஒன்று அழுந்தினால் முன்பு அழுந்தியது மேலே வந்துவிடும்.

முதல் கட்டை ஒலியை நிறுத்தும். அடுத்த ஒன்பதும் ஆயத்த ஒலிகள். கடைசி இரண்டும், ஒலியின் குணத்தை நாமே அமைக்க உதவும் டிராபார் என்ற இழுவைத் தண்டுகளுக்கு. ஒன்பது தண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை நிலை. பெருக்கிப் பாருங்கள், 38 கோடிக்கு மேல் சேர்க்கைகள்!

ஆயத்த ஒலி பிடிக்கவில்லையா? பின்பலகையைக் கழற்றி, திருப்புளியால் ஒயர்களை இடம் மாற்றவேண்டும். கச்சேரி நடுவில் முடிகிற காரியமா? இன்றைய மென்பொருள் ஆர்கன்களில் தண்டுகளைத் திரையில் நகர்த்திச் சேமித்தால் போதும். செட்-பி-ஃப்ரீ என்ற இலவச மென்பொருளில் இந்த ஆயத்த ஒலிகளைச் சாதாரண எழுத்துக் கோப்பிலேயே எழுதி வைக்கலாம்.

நாமக்கல் பக்கத்து மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த மென்பொருள்களை 61 கட்டை கீபோர்டில் வாசிக்கும்போது, இடக்கோடி 12 கட்டைகளை ஒலி மாற்றுவதற்கு ஒதுக்கினால், வாசிக்க மிஞ்சுவது 49தான். 73 கட்டை இருந்தால் கவலையில்லை.